தங்கம் சேராத நகையும் அதன் விலையும்

கோத்தகிரி

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் திருமண வேலைகளுக்கு நடுவிலும் என் காதணிகளைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) காயில் நகை செய்தால் நாளை அவசரத்துக்கு அடகு வைக்கக்கூட உதவாதே என்று கேட்டிருந்தீர்கள். ஆயுள் முழுவதும் பட்டடையின் முன் அமர்ந்த பொற்கொல்லர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் அந்தக் காய்கள், மேடும் பள்ளமுமாக, யாரோ உளியால் செதுக்கியவை போல இருக்கும். அவற்றை நன்றாக உலர்த்தி, மேலே படிந்திருக்கும் வெண்ணிற மெழுகைத் துடைத்து, ஈரம் உள்ளே புகாதபடி வார்னிஷ் பூசி, அதன்மேல் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் பூச்சைத் தடவுகிறேன். பிறகு மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) கந்தக அமிலமும் கலந்த கரைசலில், எதிரே ஒரு செம்புத் தகட்டை வைத்து, காயைத் தொங்கவிட்டுக் குறைந்த மின்னோட்டத்தை மணிக்கணக்கில் செலுத்தினால், காயின் ஒவ்வொரு சுருக்கத்தின் மீதும் செம்பு படிகிறது. அவசரப்பட்டு மின்னோட்டத்தை ஏற்றினால் செம்பு கருத்துப் பொடிப்பொடியாக நிற்கும். உங்களுக்கு முலாம் பூசுவது தெரியும் என்பதால் வேறுபாட்டைச் சொல்கிறேன்: முலாம் வெறும் தோல்; இங்கே படிவதோ தானாக நிற்கக்கூடிய ஓடு.

ரெசின் என்ற பிசினை வார்த்து இறுகவைக்கும் வேலை இந்த மலைக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. குளிரில் அது தேனாய்க் கெட்டித்துக் குமிழிகளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஈரக் காற்றில், அதை இறுக்கக் கலக்கும் ஹார்டனர் வினைபுரிந்து மேற்பரப்பில் பிசுபிசுப்பான படலம் படிகிறது. மூடிய பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு வெப்பம் காத்தால்தான் ஒழுங்காக இறுகுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓட்டோ கூன்ஸ்லி என்ற கலைஞர், 1980இல் ஒரு தங்கக் குண்டைக் கறுப்பு ரப்பர் வளையத்துக்குள் மறைத்துக் கைக்காப்பாக்கி, அதற்குத் ‘தங்கம் குருடாக்கும்’ என்று பெயரிட்டார். வெளியே தெரிவது ஒரு புடைப்பு மட்டுமே. உள்ளே தங்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் நகை போயிற்று. அதற்கு முன்பே, 1967இல், நெதர்லாந்தின் ஹைஸ் பாக்கரும் எம்மி வான் லீர்சுமும் அலுமினியத்தில் பெரிய கழுத்தணிகளைச் செய்து காட்டியிருந்தார்கள். இதையெல்லாம் வெளிநாட்டுக் கிறுக்கு என்று நீங்கள் தள்ளிவிடக்கூடும். ஆனால் நம் பெண்கள் பனையோலைச் சுருளைக் காதில் அணிந்தார்கள், சங்கை அறுத்து வளையலாக்கினார்கள். கீழடியிலும் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை யாரும் அடகுக்காக அணிந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் தொழிலில் பொன்னின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேருகின்றன. என் நகையிலோ பொருளுக்கு விலையே இல்லை, செய்கூலிதான் முழு விலையும். ஆகவே வாங்குபவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதற்காகவே, தங்க முலாம் பூசிவிடலாம் என்ற உங்கள் யோசனையை ஏற்க மனமில்லை. பூசினால் அது கவரிங்காகிவிடும். காய் தன் முகத்தை இழந்து, தங்கம்போல் நடிக்கத் தொடங்கிவிடும். செம்பு நாளாகக் கறுத்துப் பழுப்பேறட்டும். வியர்வை பட்டால் தோலில் பச்சை படியும் என்பதால், காதில் நுழையும் கொக்கியை மட்டும் வெள்ளியில் வைக்கிறேன்.

அந்தக் கொக்கியை மாட்டும் வளையத்தில்தான் உங்கள் உதவி தேவைப்படுகிறது. செம்பு படிந்தபின் பொடி வைத்து நெருப்பை ஊதிப் பற்றவைக்க முடியாது, உள்ளே காய் கருகிவிடும். எனவே செம்புக் கம்பி வளையத்தைக் காய்க்குள் முன்பே பதித்து, கரைசலில் இரண்டும் ஒன்றாகப் பிணையும்படி செய்கிறேன். ஆனாலும் அசைந்து அசைந்து அந்த இணைப்பு எத்தனை காலம் தாங்கும் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை. சில காய்களைத் தனியே தபாலில் அனுப்புகிறேன். கம்பி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், அதன் அடியை முறுக்க வேண்டுமா, தட்டையாக அடித்து விரிக்க வேண்டுமா என்று திருமணம் முடிந்து ஓய்ந்தபின் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பட்டறைத் தோழன்