பக்கியிலிருந்து டிடி-02க்கு

அன்பு செல்வா,

உன் கடிதம் வந்தது. ரிமோட்டில் ஓட்டும் உன் பின்சக்கர டிரைவ் பக்கியை (மேடுபள்ளத் தரைக்கான மாடல் வண்டி) ஓரம் வைத்துவிட்டு டாமியா டிடி-02 என்ற நான்கு சக்கர டிரைவ் மாடல் கார் எடுக்கப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்குவது), சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்புவது), ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மூன்றையும் பழைய வண்டியிலிருந்தே கழற்றிப் போடலாம். ஆனால் மோட்டாரில் இப்போதைக்குக் கை வைக்காதே. மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அது.

அடிப்படை கிட்டில் ஷாஃப்டைத் தாங்க பிளாஸ்டிக் புஷ் என்ற வளையம்தான் வரும். வண்டியைக் கோக்கும்போதே அதை எடுத்துவிட்டு 1150 பேரிங் போடு (உள்விட்டம் 5 மி.மீ., வெளிவிட்டம் 11, தடிமன் 4). பிறகு பார்க்கலாம் என்று விட்டால் கியர்பாக்ஸை முழுசாகப் பிரிக்க வேண்டும். புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் கியர் பல் போய்விடும்.

ஸ்க்ரூ எல்லாம் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) தலை. சாதாரண ஸ்டார் டிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்று. பழைய மரையில் 'டக்'கென்று விழும், அப்புறம் இறுக்கு. த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

இந்த வண்டியின் உயிரே டிஃப்தான் (டிஃபரென்ஷியல்: வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்). பக்கியில் பின்பக்கம் ஒன்றே ஒன்று, இதில் முன்னும் பின்னும் இரண்டு. வளைவில் உள்பக்க முன்சக்கரத்தின் மேல் எடை குறையும். முன் டிஃப் லேசாக இருந்தால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றி சக்தியை வீணாக்கும், வண்டி வெளியே தள்ளும். அதனால் முன் டிஃபில் கெட்டியான ஆன்டி-வேர் கிரீஸை நன்றாக நிரப்பு. பின் டிஃபுக்கு கிட்டோடு வரும் கிரீஸ் போதும். இரண்டையும் இறுக்கிவிட்டால் வளைவின் நடுவில் ஸ்டீயரிங் கேட்காது.

கிட்டின் டேம்பரில் (குலுக்கலை அடக்கும் ஷாக்) எண்ணெய் கிடையாது, ஸ்பிரிங்கும் உராய்வும்தான். எண்ணெய் ஷாக் வாங்கி 400 எண்ணெயில் (எண் கூடினால் கெட்டி) தொடங்கு. பிஸ்டனைக் கீழே இறக்கி, எண்ணெய் ஊற்றி, மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி போகும்வரை நிறுத்தி வை. நான்கும் ஒரே வேகத்தில் திரும்பி வர வேண்டும். ஒன்று மாறினாலும் பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். தரை உயரம் 5 முதல் 6 மி.மீ. வை. பக்கியின் உயரத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது உரசப் போவதுபோலத் தெரியும், பயப்படாதே.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகம், அலுமினியத் தொகுப்பு போட்டால் பிடிபடும். பின்சக்கரங்களின் முன்முனையை 2.5 டிகிரி உள்நோக்கித் திருப்பி வைக்கும் (டோ-இன்) அப்ரைட், அதாவது சக்கரத் தாங்கி, மாட்டினால் வால் அடங்கும்.

கடைசியாக வேகம். கிட்டில் ஸ்பர் (பெரிய கியர்) 70 பல், பினியன் (மோட்டாரில் மாட்டும் சின்ன கியர்) 22 பல், கியர்பாக்ஸின் உள்விகிதம் 2.6, மொத்தம் 8.27 (சக்கரம் ஒருமுறை சுற்ற மோட்டார் இத்தனை முறை சுற்றும்). ஸ்பர் 68, பினியன் 25 போட்டால் 7.07 ஆகும். அதே மோட்டாரில் உச்சவேகம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கூடும், சூடும் கூடும். எந்தப் பினியனுக்கு எந்த ஓட்டை என்று கையேட்டைப் பார்த்து மோட்டாரை மாட்டு. மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் சூட்டை அளந்து பார். 80 டிகிரியைத் தொட்டால் பினியனில் ஒரு பல் குறை. பிரஷ்லெஸ் மோட்டார் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். லைப்போ (லித்தியம்-பாலிமர் பேட்டரி) போடுவதானால் ஈஎஸ்சியில் கட்-ஆஃப் (வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் மோட்டாரை நிறுத்துவது) இருக்கிறதா என்று முதலில் பார்.

முன் டிஃப் எவ்வளவு இறுக்கம் வந்தது, எந்தத் தரையில் ஓட்டுகிறாய் என்று எழுது. ஷாக் எண்ணெயை அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி