தினமும் பத்து வார்த்தை வேணாம், ஒரு வேர் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வர்ற இங்கிலீஷ் பகுதிய நானும் எங்க அக்கா பொண்ணும் ஒரு நாள் விடாம படிக்கிறோம், அவ அந்த பத்து வார்த்தையயும் தனி நோட்டுல எழுதி மனப்பாடம் பண்றா, ஆனா அடுத்த வாரம் கேட்டா பாதிக்கு மேல மறந்துடுது. அவ மேல தப்பே இல்லைங்க. பத்தும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத வார்த்தை, எதைப் பிடிச்சு ஞாபகம் வச்சுக்குவா?

போன வாரம் டிஸ்அப்பாயிண்ட் எழுதச் சொன்னேன். ரெண்டு எஸ், ஒரு பி போட்டா. நான் ஸ்பெல்லிங்க திருத்தாம, பென்சிலால நடுவுல ஒரு கோடு போட்டு டிஸ் தனியா அப்பாயிண்ட் தனியா பிரிச்சுக் காட்டினேன். டிஸ்ல ஒரு எஸ்தான், அப்பாயிண்ட்ல ரெண்டு பி, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் டிஸ்சாட்டிஸ்ஃபைடுக்கு அவளே கோடு போட்டா, டிஸ் எஸ்ல முடியுது சாட்டிஸ்ஃபைடு எஸ்ல ஆரம்பிக்குது அதனால இங்க ரெண்டு எஸ்னு அவ வாயாலயே சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். மிஸ்ஸ்பெல், அன்நெசசரி எல்லாம் இதே கணக்குதான்.

இது நமக்கு புதுசு இல்லைங்க, தமிழ் கிளாஸ்ல பகுதி விகுதி இடைநிலைன்னு பகுபதம் பிரிச்சவங்கதானே நாம. தமிழ்ல ஒட்டு பெரும்பாலும் பின்னாடி வரும், இங்கிலீஷ்ல முன்னாடியும் வரும். நீதி அநீதி, நியாயம் அநியாயம்னு வடமொழி வழியா வந்த முன்னொட்டு நம்ம வாயிலயே இருக்கு, அந்த 'அ'வும் இங்கிலீஷ் 'அன்'னும் ஆதியில ஒரே மூலத்துல இருந்து பிரிஞ்சதுதான்.

லத்தீன்ல போர்ட்னா சுமக்குறது, கொண்டு போறது. இம்போர்ட் உள்ள கொண்டு வர்றது, எக்ஸ்போர்ட் வெளிய கொண்டு போறது, டிரான்ஸ்போர்ட் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு, போர்ட்டபிள்னா கையில தூக்கிட்டுப் போகலாம். நடந்த சேதிய திரும்பக் கொண்டு வந்து சொல்றதால ரிப்போர்ட். ஒரு வேர் தெரிஞ்சா அஞ்சு வார்த்தை கூடவே வருது பாருங்க.

பரீட்சைக்கு மட்டும் இல்ல, உடம்புக்கும் இது வேணும். கிரேக்கத்துல ஹைப்பர்னா மேல, ஹைப்போனா கீழ. ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்துல சர்க்கரை ஏறிப் போறது, ஹைப்போகிளைசீமியா இறங்கிப் போறது. காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்கும், வைத்தியம் நேர் எதிர்.

ஒண்ணு மட்டும் சேர்த்தே சொல்லிக் குடுக்கணும், வேர் சில சமயம் ஏமாத்தும். இன்விசிபிள்ல இன் வந்தா 'இல்ல'ன்னு அர்த்தம், அதுவே பி முன்னாடி இம் ஆகி இம்பாசிபிள், எல் முன்னாடி இல் ஆகி இல்லீகல், ஆர் முன்னாடி இர் ஆகி இர்ரெகுலர், நம்ம புணர்ச்சி விதி மாதிரியே. ஆனா இதை நம்பி இன்ஃபிளேமபிள்னு எழுதின டப்பா தீப்பிடிக்காதுன்னு நினைச்சீங்கன்னா ஆபத்துங்க, அங்க வர்ற இன் வேற, அது நல்லா தீப்பிடிக்கும்னுதான் அர்த்தம். ஃபிளேமபிள்னாலும் அதேதான். இந்தக் குழப்பத்தால உயிர் போயிரக் கூடாதுன்னுதான் பாதுகாப்பு லேபிள்ல இப்பல்லாம் ஃபிளேமபிள்னு போடச் சொல்றாங்க. ஹெலிகாப்டரயும் ஹெலி, காப்டர்னு பிரிக்கிறோம், உண்மையில ஹெலிக்கோ, ப்டெர்னு பிரிக்கணும், ஹெலிக்கோன்னா சுருள், ப்டெர்னா சிறகு.

அதனால பேப்பர்ல அந்தப் பத்து வார்த்தை வர்ற கட்டத்துல தினமும் ஒரு வேர், அதுல இருந்து பிறந்த நாலஞ்சு வார்த்தை, பிரிக்கிற இடத்துல ஒரு கோடு, ஏமாத்துற வார்த்தை இருந்தா கீழ ஒரு வரி, இப்படிப் போட்டுப் பாருங்களேன். இடம் இப்ப இருக்கறதே போதும். அக்கா பொண்ணு புது நோட்டுல முதல் பக்கத்துக்கு போர்ட்னு தலைப்பு எழுதி வச்சுட்டு காத்திருக்கா.

இப்படிக்கு,
உங்க வாசகி