முதல் கேமரா வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளைக் கைப்பேசியில் எடுத்தால் பாதிப் படங்கள் கலங்கியே வருகின்றன, ஆகவே ஒரு டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள, லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) வாங்கி முறையாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன், எந்த மாடல் வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். இந்த வயதில் ஒரு கலையை அடியிலிருந்து கற்க உனக்கு மனம் வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் லென்ஸைப் பற்றிப் பேசிவிட வேண்டும். உன் தேவை மிகத் தெளிவானது: வீட்டுக்குள், மாலை விளக்கொளியில், ஓரிடத்தில் நிற்காத ஒரு குழந்தை. அவள் அசைவு படத்தில் உறைந்து நிற்க வேண்டுமானால் ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் 1/250 நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய ஒளி உள்ளே வர வேண்டும். லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் எண் சொல்லும்; எண் சிறிதானால் துளை பெரிது. பாடியோடு, அதாவது கேமரா உடலோடு, சேர்த்துத் தரப்படும் 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ், முழுதாக ஜூம் செய்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸோ அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறனின் அளவு) 6400 தேவைப்படும் அதே அறையில் இதற்கு ஏறத்தாழ 640 போதும். 6400-இல் குழந்தையின் கன்னம் மணல் தூவியதுபோல் தெரியும். 640-இல் கன்னம் கன்னமாகவே இருக்கும். கிட் லென்ஸிலும் அசைவைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். அந்த வசதி உன் கை நடுக்கத்தை ஈடுகட்டுமே தவிர, குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது.

எஃப் 1.8 லென்ஸ்களில் எல்லோரும் முதலில் சொல்வது 50 மில்லிமீட்டரைத்தான். வீட்டுக்குள் எடுக்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் அளவிலான சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் தகடு); நிக்கானில் அது ஏறத்தாழ 23.5 × 15.6 மில்லிமீட்டர் அளவுள்ளது, அதாவது பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது. அதனால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 75 போலப் பார்க்கும், அதாவது குறுகிய பரப்பையே காட்டும். சிறிய அறையில் குழந்தை முழுதாகச் சட்டத்துக்குள் வருவதற்குள் உன் முதுகு சுவரில் முட்டிவிடும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 52 போலப் பார்க்கும்; அறைக்குள் நின்று எடுக்க அதுவே தோதானது.

இதில் ஒரு கவனம் வேண்டும். எஃப் 1.8-இல் ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து எடுக்கும்போது ஒரு சாணுக்கும் குறைந்த ஆழம்தான் தெளிவாக விழும். மூக்கில் ஃபோகஸ் செய்து, அடுத்த கணம் அவள் உன்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தால் முகம் முழுதும் மங்கிவிடும். கேமரா தானாகப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க விடாமல், ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியை நீயே தேர்ந்து, உனக்கு அருகிலுள்ள கண்ணில் வைத்துப் பழகு. தொடக்கத்தில் எஃப் 2.8-இல் வைத்துக்கொண்டால் பிழைகள் குறையும்.

நான் முதல் கேமரா வாங்கியபோது இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆளில்லை. இரண்டு லென்ஸ் கொண்ட தொகுப்பு லாபம் என்று நம்பி வாங்கினேன். அதிலிருந்த நீண்ட ஜூம் லென்ஸை முதல் வாரம் மொட்டைமாடியில் நிலவை எடுக்கப் பயன்படுத்தியதோடு சரி. பையோடு அலமாரியில் கிடந்த அதை ஓராண்டு கழித்து எடுத்து விளக்கைக் காட்டிப் பார்த்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு 35 வாங்கியிருந்தால், என் பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் எத்தனையோ நன்றாக அமைந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் இருப்பதால்தான் உன்னிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி மாடலுக்கு வருகிறேன். 2018-இல் வந்த நிக்கான் டி3500 கற்றுக்கொள்பவருக்கு மிக ஏற்றது: 24 மெகாபிக்சல், கைக்கு இலகுவான எடை, ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,550 படங்கள் வரை எடுக்கும் என்று நிறுவனமே குறிப்பிட்டுள்ள பேட்டரி. ஆனால் அதன் திரை அசையாது. தவழும் குழந்தையின் கண்மட்டத்தில் எடுக்க ஒவ்வொரு முறையும் நீ தரையில் படுக்க வேண்டியிருக்கும். டி5600-இல் திரை வெளியே மடங்கித் திரும்பும், தொட்டும் இயக்கலாம். ஃபோகஸ் புள்ளிகளும் 11-க்குப் பதில் 39 இருக்கின்றன. கேனான் 200டி மார்க் 2, சில நாடுகளில் 250டி என்ற பெயரில் வருவது, திரையைப் பார்த்து எடுக்கும்போது இந்த இரண்டையும்விட மிக வேகமாக ஃபோகஸ் செய்யும். நீ வீடியோவும் எடுப்பாய் என்றால் தயங்காமல் அதையே சொல்வேன். உனக்கு வேண்டியது நிழற்படம்தான் என்பதால், டி5600 பாடியும் 35 எஃப் 1.8 லென்ஸும் வாங்கச் சொல்கிறேன்.

நிக்கான் வாங்கினால் ஒன்றை நினைவில் கொள். இந்த இரண்டு பாடிகளிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் (AF-S) அல்லது ஏஎஃப்-பி (AF-P) என்று இருக்கிறதா என்று பார். வெறும் ஏஎஃப் என்று மட்டும் இருந்தால் வளையத்தைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடும் குழந்தையிடம் அது நடக்காது.

டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டதே என்று உன் மருமகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேனானும் நிக்கானும் தங்கள் உழைப்பை ஆடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் திருப்பிவிட்டன. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தாமே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்வது குழந்தைப் படங்களுக்குப் பெரிய உதவி என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனாலும் லென்ஸ் வழியே வரும் ஒளியை 45 பாகையில் சாய்ந்த ஆடி மேலே அனுப்ப, நடுவில் எந்தத் திரையும் இல்லாமல் குழந்தையை நேராகக் கண்ணால் பார்த்துக்கொண்டே விரலை அழுத்தும் அனுபவம் டிஎஸ்எல்ஆரில்தான் கிடைக்கும். பலர் மிரர்லெஸுக்கு மாறுவதால், அதிகம் புழங்காத நல்ல பாடிகளும் லென்ஸ்களும் பழைய பொருளாகக் கிடைக்கின்றன. முதல் கேமராவைப் பழையதாக வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

அப்படி வாங்கப் போனால் ஒரு டார்ச்சைக் கையோடு எடுத்துச் செல். லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் ஒளியைப் பாய்ச்சி முன்பக்கம் பார். தூசு ஓரிரண்டு இருந்தால் பாதகமில்லை, நூல்போன்ற கிளைகள் தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். பிறகு லென்ஸை மாட்டி எஃப் 22-இல் வைத்து, ஒரு வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் படமெடுத்து, திரையில் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார். சென்சாரில் ஒட்டிய அழுக்கு சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். தூசு என்றால் துடைத்துவிடலாம். கீறல் என்றால் விட்டுவிடு. ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற கணக்கையும் கேட்டு வாங்கு. நிக்கானில் படத்தின் கோப்பிலேயே அது பதிவாகியிருக்கும்.

நீ கண்ணாடி போடுபவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். உள்ளே அடியில் தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை அதைத் திருப்பு. இதைச் செய்யாமல், கேமராவில் ஃபோகஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கச் சென்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய முதல் மாதம் டயலை ஏ-வில் வைத்து, துளையை மட்டும் நீ மாற்று. ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக்கி, ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே இறங்காதபடி மெனுவில் வரம்பு கட்டிவிடு. ஜேபெக்கோடு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் சேர்த்துச் சேமி. இன்று உனக்கு அது பயன்படாவிட்டாலும், திருத்தக் கற்றுக்கொண்ட பின் இந்தப் படங்களுக்கு நீ திரும்பி வருவாய்.

முதல் நாள் எடுத்த படங்களில் நன்றாக வராதவற்றையும் அழிக்காமல் எனக்கு அனுப்பு. எங்கே கலங்கியது, ஏன் கலங்கியது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்