மெடிக்கல் ஸ்டோரிலும் தடுப்பூசி போடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பம், கூடலூர் பக்கமிருந்து குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு கொடுக்கும் நேரத்தில் அவர்கள் மலைமேல் இருப்பார்கள். ஓர் ஊசிக்காக ஒரு நாள் கூலியை விட முடியுமா? சாயங்காலம் அவர்கள் வந்து இறங்கும் இடத்தில் திறந்திருப்பது மெடிக்கல் ஸ்டோர்தான்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்ற மருந்தாளுநரே ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார். இங்கேயும் அனுமதிக்கலாம். எல்லாக் கடைக்கும் அல்ல. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பல மருந்துகள் உறைந்துபோனாலும் வீண்தான். தண்ணீர் பாட்டிலும் தயிரும் வைத்து நிமிடத்துக்கொரு முறை திறக்கும் ஃப்ரிட்ஜ் இதற்கு ஆகாது. தனி ஃப்ரிட்ஜ், கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு, ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார நாற்காலி, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின், இதெல்லாம் உள்ள கடைக்கு மட்டும். நாய்க்கடி என்றால் மட்டும் காயத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் பரிசோதனை. வீட்டிலேயே செய்துகொள்ளும் கொரோனா கிட்டுக்கு 2021 மே மாதமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) அனுமதி தந்தது. குச்சியை மூக்கில் எவ்வளவு தூரம் விடுவது, இரண்டு கோடு வந்தால் என்ன அர்த்தம் என்று விளக்க ஆள் வேண்டாமா? மருந்தாளுநர் சொன்னால் எங்கள் மக்கள் கேட்பார்கள்.

தமிழக, கேரள சுகாதாரத் துறைகள் கம்பத்திலும் குமுளியிலும் இதை முதலில் தொடங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

— வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்