பேஸ்மட்டமும் காந்த மலையும்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்தபோது நான் லடாக்கில் இருந்தேன், அதனால்தான் பதில் எழுதத் தாமதம். முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம்.

லேயிலிருந்து கார்கில் போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் காந்த மலை என்று ஓர் இடம். தரையில் கட்டம் வரைந்திருக்கிறார்கள். டிரைவர் அதற்குள் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி மேட்டைப் பார்த்து மெல்ல ஏறியது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் இறங்கிப் பாட்டில் தண்ணீரைத் தார்மேல் ஊற்றினேன். புழுதியை உருட்டிக்கொண்டு அதுவும் மேட்டை நோக்கியே ஓடியது. காந்தம் தண்ணீரையுமா இழுக்கும்? அது மேடே இல்லை, இறக்கம்.

அங்கே தொடுவானம் தெரிவதில்லை. சுற்றியுள்ள சரிவுகளை வைத்தே கண் தன் மட்டத்தைப் போட்டுக்கொள்கிறது. சுற்றுப்புறம் கீழே சரிந்தால் நம் கண்மட்டமும் கூடவே இறங்கிவிடும். பிறகு எதிரே சமமாக இருப்பதுகூட மேலே ஏறியதாகத் தெரியும்.

திரும்பி வந்து படித்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லெனார்ட் மேட்டின் ஓர் அறையையே முன்னும் பின்னும் சாயும்படி அமைத்து, ஆளை நேராக உட்காரவைத்து, ஓர் ஒளிப்புள்ளியைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அறை சாய்ந்த கோணத்தில் பாதிக்கு மேல் பிசகியது என்று 1989-இல் எழுதியிருக்கிறார். காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புப் படிகங்கள் புவியீர்ப்பைச் சரியாகத்தான் சொல்கின்றன, ஆனால் கண்ணின் சொல்லும் சேர்ந்தே கணக்காகிறது. இன்னொரு சோதனையில் அறைகூட இல்லை. கும்மிருட்டில் சாய்ந்த இரண்டு ஒளிக்கோடுகள் மட்டும். ஏறக்குறைய அதே பிசகு!

இதைப் படித்ததும் ஏற்காட்டு வீடுதான் ஞாபகம் வந்தது. பேஸ்மட்டம் எழும்பியிருந்த நாள். பள்ளத்துப் பக்கம் நான்கு விரற்கடை தூக்கியிருக்கிறது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீ டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் பிடித்துக் காட்டினாய். தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது. "டியூபில் காற்று புகுந்திருக்கும்" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் டியூபைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். மறுநாள் கொத்தனாரை மிரட்டி அந்த முனையைக் கொத்த வைத்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

வராந்தாவின் அந்த மூலையில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்குகிறது. வீட்டுக்காரி துடைப்பத்தோடு நிற்பாள். தளம் போட்டவன் சரியில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு படித்தபின்னும், கீழ்ப்படியில் நின்று பார்த்தால் அந்த முனை இன்னும் தூக்கியபடியேதான் தெரிகிறது.

தை மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, டியூபை மறக்காமல் கொண்டு வா. தளத்தை உடைத்துப் போடப்போகிறேன். இந்தமுறை நீ குறித்துக் கொடுக்கும் கோடுதான்.

அன்புடன்,
ராமு