மெழுகுவத்தி அணைவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள மாணவிக்கு,

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள், கேட்ட கேள்விக்கு வரி பிசகாமல் பதில் சொல்கிறார்கள், அதே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள், நான் எங்கே தவறுகிறேன் என்று கேட்டிருந்தாய். உன் தவறைத் தேடுவதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் உனக்கும் பங்கு உண்டு.

தட்டில் நீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை உனக்கு நினைவிருக்கும். சுடர் அணையும், நீர் டம்ளருக்குள் ஏறும். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தை நீர் நிரப்பியது, காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, நீரும் அந்த அளவுக்கே ஏறியிருக்கிறது பாருங்கள் என்று பதினொரு ஆண்டுகள் சொல்லிவந்தேன். உன் வகுப்பிலும் அதையே சொன்னேன். நீ படம் வரைந்து, பாகம் குறித்து, அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாய். நான் 'மிக நன்று' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

நீ பள்ளியை விட்டுப் போன பிறகு, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன், "மூணு மெழுகுவத்தி வச்சா என்ன டீச்சர் ஆகும்?" என்று கேட்டான். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் மாறப்போவதில்லை, ஆகவே நீரும் அதே உயரம்தான் ஏறும் என்று சொல்லிவிட்டு, அவன் மனம் கோணக் கூடாது என்பதற்காக மட்டும் மூன்றை நட்டு ஏற்றினேன். நீர் முன்னைவிட நன்றாகவே உயர்ந்து நின்றது. நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. மணி அடித்தது என் நல்ல காலம்.

மறுநாள் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து மீண்டும் மீண்டும் செய்து பார்த்தேன். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பின் வழியே சில குமிழ்கள் வெளியேறுவதும், சுடர் எரியும்வரை நீர் பெரிதாக ஏறாமல், அணைந்த பிறகே விறுவிறுவென ஏறுவதும் அன்றுதான் கண்ணில் பட்டன. சுடரின் சூட்டில் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவத்திகள் கூடினால் சூடும் கூடும், ஆகவே ஏற்றமும் கூடும். போதாக்குறைக்கு, சுடர் அணையும்போது டம்ளருக்குள் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துபோவதும் இல்லை. கணிசமான பகுதி எஞ்சியே இருக்கும், எரிந்த பகுதிக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகியிருக்கும். இத்தனையும் பதினொரு ஆண்டுகள் என் மூக்குக்கு நேரே நடந்திருக்கின்றன. விடை கையில் இருந்ததால் நான் பார்க்கவே இல்லை.

உன் பிள்ளைகளுக்கும் இதுவே நடக்கிறது என்பது என் எண்ணம். நாம் விடையை முதலில் கொடுத்து, சோதனையை அதற்குச் சாட்சியாக நிறுத்துகிறோம். அந்த வரிசையை மாற்றிப் பார். டம்ளரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கவிழ்ப்பதற்கு முன், என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொருவரையும் ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல். கை தூக்கச் சொல்லாதே. நன்றாகப் படிக்கும் பிள்ளை கை எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பார்த்துவிட்டு மொத்த வகுப்பும் அந்தப் பக்கம் தூக்கும். எழுதிவிட்டால் அது அவர்களுடைய வாக்கு. நடப்பது வேறாக இருக்கும்போது, 'அப்படியானால் ஏன்' என்ற கேள்வி உன் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. எழுதியது தவறிப்போனவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரித்துவிடாதே. அடுத்த முறை அவர்கள் எழுதமாட்டார்கள்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உலை கொதிக்கும்போது எழும் பெரிய குமிழ்களுக்குள் இருப்பது என்ன என்று கேட்டுப் பார்; பாதிப் பேர் காற்று என்றுதான் எழுதுவார்கள். அது நீராவி என்பதை ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவந்தவர்களும் அப்படியே எழுதுவார்கள். கோடையில் வெயில் ஏன் அதிகம் என்று கேட்டால், பூமி அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது என்பார்கள். மறுக்காதே. பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மார்கழியில் என்பதையும், ஜூலைத் தொடக்கத்தில் அத்தொலைவு 15.2 கோடியாகிறது என்பதையும் மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடு. பருவங்களுக்குக் காரணமான, பூமியின் சாய்ந்த அச்சைப் பற்றி நீ பேசுவதற்கான இடம் அப்போதுதான் அவர்கள் மனத்தில் உண்டாகும். ஏப்ரலில் நம் ஊருக்கு நிழலில்லா நாள், அதாவது நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள், வரும்போது, நண்பகலில் ஒரு குச்சியை நட்டு வைத்து மிச்சத்தை முடித்துக்கொள்ளலாம்.

தமிழ் வழியில் கற்பிக்கும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாடநூலின் சொற்களில் பாதி வீட்டிலிருந்து வந்தவை. கடைக்காரர் போடுவது எடை, அதை அவர் சொல்வது கிலோவில். பாடநூலோ கிலோ நிறைக்கு உரியது, எடையை நியூட்டனில் சொல் என்கிறது. நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவர் மூட்டையின் மீது செய்யும் வேலை சுழி என்று சொன்னால், மூட்டை தூக்கும் தந்தையைப் பெற்ற பிள்ளை அதை ஏற்குமா? ஏற்கக் கூடாது என்றே நான் சொல்வேன். 'வேலை' என்ற சொல்லை இயற்பியல் வேறு பொருளுக்கு, விசையால் ஒரு பொருள் நகர்வதைக் குறிக்க, கடன் வாங்கியிருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடு. 'வெப்பம்', 'வெப்பநிலை' என்பனவற்றுக்கும் இதே கதைதான்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். சோடியத்துக்கு 'என், ஏ' என்ற எழுத்துகளைக் குறியீடாக எழுதுகிறோம் என்பதை எந்தக் குழந்தையும் சோதனை செய்து கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதில் இழுக்கில்லை. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பாடவேளைகளை மட்டும் இதற்கென ஒதுக்கு. பிள்ளைகள் தவறான எண்ணத்தோடு வரும் இடங்கள் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு முடிவுகளைக் கேட்பார்களே என்று நீ அஞ்சுவது நியாயம். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று இருக்கும் ஏற்பாட்டில், செய்முறையை ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித் தேறிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்தார்கள். தேர்வறைக்குள் புத்தகத்தைக் கொண்டுபோகவும் இசைவு இருந்தது. தேர்வை மாற்றாமல் வகுப்பறையை மட்டும் மாற்ற முடியாது என்று திட்டத்தை நடத்தியவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. உன்னால் பொதுத்தேர்வை மாற்ற முடியாது. வகுப்புத் தேர்வு உன் கையில்தான் இருக்கிறது. அதில் ஐந்து மதிப்பெண்ணுக்கு, புத்தகத்தில் இல்லாத ஒரு நிகழ்வைக் கொடுத்து, என்ன நடக்கும், ஏன் என்று கேள். முதல் இரண்டு முறை வெறும் தாள் வரும். மனம் தளராதே.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் மெழுகுவத்தியை எடுப்பாய் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எழுதும் வரிகளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு. தட்டைச் சத்துணவுக் கூடத்தில் கேட்டு வாங்கினால் மதிய மணிக்கு முன் மெழுகைச் சுரண்டித் திருப்பிக் கொடுத்துவிடு. நான் மறந்துபோய் அந்த அம்மாவிடம் ஒரு வருடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறிவியல் ஆசிரியை