ஞாயிறு வேட்பாளர் வர்றார், எல்லாரும் கீழ வாங்க

வணக்கம். நம்ம வேளச்சேரி தொகுதி வேட்பாளர் ஒருத்தர் வர்ற ஞாயிறு சாயங்காலம் 5.30க்கு பிள்ளையார் கோயில் முன்னாடி ஓட்டு கேக்க வர்றாராம், பத்து நிமிஷம் நின்னு பேசுறேன்னு சொல்லியிருக்கார், இதை விட்டுடக்கூடாது.

1. 2015 வெள்ளத்துல முதல் மாடிப் படி வரைக்கும் தண்ணி, இன்னிக்கும் ஒரு மணி நேரம் மழை பெஞ்சா கணுக்கால் அளவு நிக்குது. அதனால மழைநீர் வடிகாலைப் பத்தி மட்டும் கேப்போம், ஆளுக்கு ஒண்ணு கேட்டா எதுவும் நடக்காது.
2. தண்ணி நின்ன போட்டோ இருந்தா சனி ராத்திரிக்குள்ள போடுங்க, பிரிண்ட் எடுத்து மனுவோட குடுத்துடலாம்.
3. மத்த கட்சிக்காரங்க வந்தாலும் இதே மனுதான். கட்சி போஸ்டர் இங்க ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.
4. வோட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு தேர்தல் ஹெல்ப்லைன் நம்பர் 1950க்கு போன் பண்ணி பாத்துக்கோங்க.

வர்றவங்க ஃபிளாட் நம்பர் போட்டு ரிப்ளை பண்ணுங்க.